மாப்பிள்ளை மெஷினில் படம் வராத வாரம்

சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி

என் மரியாதைக்கும், இந்த வாரம் கொஞ்சம் இளைத்துப்போயிருக்கிற அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். வீடு சுகம். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் சுகம். நீங்கள் கொடுத்த மெஷின் சுகமா இல்லையா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை, அது இன்னும் முகத்தைக் காட்டவில்லை. போன இடத்தில் உங்கள் வேலை நல்லபடியாக நடக்கிறதா, ஓட்டல் அறையில் தலையணை ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் மனைவி, அதாவது என் ஒரே மகள், போட்ட ஒப்பந்தம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்கோ உங்களுக்கோ நான் போனே பண்ணக்கூடாது, பண்ணினால் உதவி கேட்பேனாம். கடிதம் எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல மறந்தது அவள் தப்பு. நம் மாடி நர்ஸ் ஏதோ பயிற்சிக்காக நீங்கள் இருக்கும் ஊருக்கே இன்று நாலு மணிக்குக் கிளம்புகிறாள். கையோடு கொண்டுவந்து கொடுப்பாள். அவளுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள், இந்த வாரம் உங்களால் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒப்பந்தம் ஏன் வந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் வெளியூர் கிளம்பின அவசரத்தில் யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வாரம் ஒரு நாள் முழுக்க நான் போனை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை, போன் என் சட்டைப்பையோடு சேர்ந்து துணி துவைக்கிற மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் மனைவி முப்பத்தெட்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, கதவைத் தட்டாமல் ஏறக்குறைய உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால், நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். உங்கள் அத்தை போன பிறகு இந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அவள் அடுத்துச் சொன்னது, "போதும்ப்பா, இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்க." அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன்ல ஆறு பிளாட்பாரத்துக்கும் அறிவிப்புப் பலகை ஓட்டினவன் நான். எனக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாத்தையும் தனியா சமாளிப்பேன்"னு சொன்னேன். அவள் உடனே, "அப்படியா? அவர் குடுத்த மெஷின் ரெண்டு மாசமா மேசைமேல தூசி தின்னுட்டு கெடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு நீங்களா அதை ஓட வச்சு, அந்தத் திரையில என்னைப் பாருங்க, நானும் உங்களைப் பாக்கறேன். அப்படி வந்துட்டா இனிமே வீட்டைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன். வரலேன்னா திங்கக்கிழமை வேன் வரும்"னுட்டாள். அவள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் அத்தையிடமிருந்து இல்லை.

ஆக, மாப்பிள்ளை, என் வீடு, என் நாற்காலி, நான் பாட்டுக்கு எழுந்து நான் பாட்டுக்கு டீ போடுகிற என் காலை நேரம் எல்லாம் உங்கள் மெஷினில் ஒரு படம் வருவதை நம்பி இருக்கிறது. அதில் படம் வரவழைப்பது எவ்வளவு பாடு என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

ஊர் உலகத்தில் எல்லா மாப்பிள்ளைகளும் மாமனாருக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தால், பொத்தானை அமுக்கினதும் ஒரு மலையோ பூவோ வந்து நிற்கும். நீங்கள் கொடுத்ததில் கறுப்பாக ஒரு திரை, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணடித்துக்கொண்டு நிற்கிறது. கொடுக்கும்போது நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, படம் எங்க?" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "மாமா, இது யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம். இதுல படம்ங்கறது தனிச் சமாச்சாரம். அதுக்குன்னு எக்ஸ்னு ஒரு சர்வர் ஓடணும்" என்றீர்கள். சர்வர் என்றால் ஏதோ குளிர் அறையில், பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்திருந்தவன் நான். "இல்ல மாமா, அந்தச் சர்வர் உங்க மேசைமேலயே இருக்கும். புரோகிராம் எல்லாம் அதுகிட்ட வந்து எனக்கு ஒரு ஜன்னல் போட்டுக் குடுன்னு கேக்கும். எந்தத் திரையில தெரியணும்னு சொல்லிட்டா போதும், அங்க தெரியும். பக்கத்து ரூம்ல இருக்கற திரையா இருந்தாலும் சரி, பக்கத்து ஊர்ல இருக்கற திரையா இருந்தாலும் சரி. அதான் இதோட அழகு" என்றீர்கள். அந்த அழகைத்தான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகும்போது ஒரு சீட்டு எழுதி மேசையில் ஒட்டிவிட்டுப் போனீர்களே, உங்கள் கையெழுத்தை நர்ஸ் பார்த்துவிட்டு, டாக்டர்கள் எழுதுவது எவ்வளவோ தேவலை என்றாள்.

திங்கட்கிழமை சீட்டில் முதல் வரியில் இருந்தபடி ஸ்டார்ட்எக்ஸ் என்று அடித்தேன். திரை ஒரு தடவை துடித்து, கண்ணை மூடி, அப்புறம் நடுவில் ஒரு பெட்டி போட்டு "எல்லைக்கு வெளியே" என்று அறிவித்தது. என் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யார் எல்லைக்கு வெளியே? கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன சார் ஓடுது அதுல?" என்றார். யூனிக்ஸ் என்றேன். இரங்கல் சொல்ல வந்தவர் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு சார் போட்டுக் குடுத்தது?" மாப்பிள்ளை என்றேன். "உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்றார். இல்லை என்றுதான் அன்றைக்குச் சொன்னேன்.

அவரே பாவப்பட்டு வழியும் சொன்னார். திரை எவ்வளவு வேகம் தாங்கும் என்று ஒரு எண் அதன் முதுகில் ஒட்டியிருக்குமாம், அதை மெஷினுக்குள் இருக்கிற ஒரு பட்டியலில் எழுத வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை காலையில் நானும் நர்ஸும் மேசையை நகர்த்தி, டார்ச் அடித்து, எண்ணைக் கண்டுபிடித்தோம். எழுதுவதற்காகப் பட்டியலைத் திறந்தேன். திறந்தது. எழுதினேன். மூட முடியவில்லை. மாப்பிள்ளை, உள்ளே போக வழி வைத்தவன் வெளியே வர வழி வைக்க வேண்டாமா? எதை அடித்தாலும் அதையும் வாங்கி எழுதிக்கொள்கிறது. "போதும்" என்று அடித்தேன், "போதும்" என்று எழுதிக்கொண்டது. "ஐயா சாமி விடு" என்று அடித்தேன், அதையும் எழுதிக்கொண்டது. மூன்று தடவை கரண்டைப் பிடுங்கித்தான் வெளியே வந்தேன். வெளியே வரும் வழியைச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்பதை நர்ஸ்தான் சாயங்காலம் பார்த்தாள். மேசையில் ஒட்டின சீட்டுக்குப் பின்பக்கம் எழுதுகிற ஆளை நான் என் மகளுக்குத் தேடிக் கட்டிவைத்திருக்கிறேன். சரி, பின்பக்கம் பார்த்து ஒழுங்காக எழுதி, ஒழுங்காக மூடினோம். திரும்பவும் எல்லைக்கு வெளியேதான். நர்ஸ் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "சார், நாம எழுதினது அதோட எடை."

சரியான எண்ணைப் போட்டதும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், திரை வந்துவிட்டது! சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு பின்னல், நடுவில் ஒரு பெருக்கல் குறி. நர்ஸ் கை தட்டி, "சார், படம் வந்துடுச்சு!" என்றாள். "இதுவா படம்? இது கொசுவலைம்மா" என்றேன். அந்தப் பெருக்கல் குறி வேறு, மவுஸ் என்கிற எலியை நகர்த்தினால் கூடவே நகர்கிறது, நான் செய்ததெல்லாம் தப்பு என்று போட்டுக்காட்டிக்கொண்டே வருகிறது. வலையில் எங்கே தட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஜன்னல் கிடையாது, ஒரு பொத்தான் கிடையாது. சீட்டைப் பார்த்தால், மூன்று விரலால் கீபோர்டில் மூன்று பொத்தானை ஒன்றாக அமுக்கிக் கறுப்புத் திரைக்குத் திரும்பி, அங்கிருந்து ஒவ்வொரு புரோகிராமாக வலைக்கு அனுப்பு என்று இருக்கிறது. புதன்கிழமை காலையில் ஒரு கடிகாரத்தை அனுப்பினேன். "திரையைத் திறக்க முடியவில்லை" என்றது. கண் என்று ஒன்று இருக்கிறது, எலி போகிற பக்கமெல்லாம் இரண்டு விழி உருட்டிப் பார்க்குமாம், அதை அனுப்பினேன். அதற்கும் திரையைத் திறக்க முடியவில்லை. எந்தத் திரை என்று சொல்லவில்லையே என்று என்னையே குறை சொன்னது.

இங்கேதான் உங்கள் மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டில் கடைசியில், எங்கே தெரியணுமோ அந்தத் திரையின் எண்ணைக் கொடு என்று எழுதி, கீழே இரண்டு எண் போட்டிருந்தீர்கள். ஒன்று "மாமா வீடு", இன்னொன்று "எங்க வீடு". நர்ஸ் மாமா வீட்டு எண்ணைப் போடச் சொன்னாள். நான் சிரித்தேன். "அம்மா, இது என் தொழில். முப்பத்தோரு வருஷம் ஜன்னல் இல்லாத அறையில உக்காந்து பலகை ஓட்டியிருக்கேன். நாலாம் பிளாட்பாரத்துல நிக்கற ஜனங்களுக்குச் சேதி சொல்லணும்னா நாலாம் பலகையோட எண்ணைத்தான் போடணும். என் அறை எண்ணைப் போட்டா அங்க நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? பாக்கப்போறது யாரு? என் பொண்ணு. அப்போ அவ வீட்டு எண்ணைத்தானே போடணும்?" "எங்க வீடு" என்று இருந்த எண்ணைப் போட்டேன். மறுபடி கடிகாரத்தை அனுப்பினேன். மாப்பிள்ளை, ஒரு முணுமுணுப்பு இல்லை! திரையைத் திறக்க முடியவில்லை என்கிற பேச்சே போய்விட்டது! நர்ஸைப் பார்த்த பார்வையில் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆனால் கடிகாரத்தைக் காணோம். கொசுவலைக்குப் போய்ப் பார்த்தேன், இல்லை. ஒருவேளை ஒன்று போதாதோ என்று, கடைசியில் ஒரு சுருட்டைக் குறி போட்டால் மெஷின் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போகும் என்று நீங்கள் எழுதியபடி, வரிசையாகப் பதினோரு கடிகாரம் அனுப்பினேன். கண் ஆறு ஜோடி. எதுவும் வரவில்லை. புதன் போச்சு, வியாழனும் பாதி போச்சு. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அப்போது சீட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. சேதி அனுப்பும் புரோகிராமாம், என்ன எழுதுகிறோமோ அதை ஒரு ஜன்னலில் காட்டி, கீழே "சரி" என்று ஒரு பொத்தான் வைக்குமாம். சரி, கடிகாரத்துக்குத்தான் காது இல்லை, பேசியாவது பார்ப்போம் என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினேன். "எங்கடா போன?" அப்புறம் "மரியாதையா வெளிய வா". அப்புறம், வயிற்றெரிச்சலில், "வரலேன்னா கையைக் காலை உடைச்சிடுவேன்". இதில் ஒரு வேடிக்கை, சுருட்டைக் குறி போட மறந்துவிட்டேனா, ஒவ்வொரு சேதிக்கும் மெஷின் அப்படியே மலைத்துப்போய் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே தெளிந்து அடுத்த வரிக்கு வரும். சில சமயம் ஒரு நிமிஷம், சில சமயம் கால் மணி. திட்டினால் அதற்கும் யோசிக்க நேரம் வேண்டும்போலிருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை திட்டுவதற்கும் தெம்பில்லை. நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் கறுப்புத் திரையும்தான். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் மனசில் இருந்ததைக் கொஞ்சம் அடித்து அனுப்பினேன். என்ன என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அதற்கு மெஷின் மலைத்து நின்றது பாருங்கள், முழுசாக ஒரு மணி நேரம். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதும் அப்படியேதான் நின்றது.

ஆகவே மாப்பிள்ளை, இன்று காலை முடிவெடுத்துவிட்டேன். தோற்றுவிட்டேன். வருகிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு அந்தக் கொசுவலையில் என் முகம் தெரியப்போவதில்லை, உங்கள் மனைவி வேனுக்குச் சொல்லட்டும். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்வது? நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் மாமா தோற்றார் என்று சொல்ல வேண்டாம், மெஷின் தோற்றது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. என் நாற்காலி என்னோடு வரும், அது உங்கள் சோபாவுக்குப் பொருந்தவில்லை என்று யாரும் முகம் சுளிக்கக்கூடாது. காலை டீயை நானே போட்டுக்கொள்வேன். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் "என்னப்பா யோசிக்கிறீங்க?" என்று யாரும் கேட்கக்கூடாது. கடைசியாக, நீங்கள் திரும்பி வந்ததும் முதல் வேலையாக இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், படம் வருகிற மெஷினாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் என் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். யூனிக்ஸ் என்ற சொல்லை உங்கள் வீட்டில் நான் இருக்கும் அறையில் உச்சரிக்க வேண்டாம்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் காலாகாலத்தில் வீடு திரும்புங்கள். எவ்வளவு வயிறு எரிந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், என் மகள் உங்களோடு இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஆசி வழங்குவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் வழங்கிவிட்ட
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மூன்றரை மணி. மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் படிக்காதீர்கள். படித்துவிட்டீர்களென்றால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகும்போது, புதுசாக வாங்கின போன் அடித்தது. உங்கள் மனைவி. "நீதான போன் கூடாதுன்ன?" என்றேன். "அப்பா, உதவிக்கு போன் பண்ணல, விசாரிக்க பண்றேன். காலையிலேர்ந்து ஏன் ஒண்ணுமே வரல?" என்றாள். என்ன வரலை என்றேன். "கடிகாரம், கண்ணு, திட்டு, எதுவுமே வரலியே!" என்றாள். "அதெல்லாம் உனக்கு எப்படிடி தெரியும்?" என்றேன். நீங்கள் அவள் திரையை யார் வேண்டுமானாலும் ஜன்னல் போடலாம் என்று திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் எண் போட்டது அந்தத் திரைக்கு. புதன்கிழமை அவள் ஆபீஸ் கூட்டத்தில் பன்னிரண்டு பேருக்குத் தன் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது பதினோரு கடிகாரம் வந்து விழுந்ததாம், பின்னாலேயே ஆறு ஜோடிக் கண் அவள் மேனேஜரைப் பார்த்து உருட்டினவாம். "யாரும்மா இது?" என்று கேட்டாராம் அந்த மேனேஜர். "எங்கப்பா சார்" என்றாளாம். மறுநாள் கையைக் காலை உடைப்பேன் வந்தபோது அவர் மரியாதையாகக் கூட்டத்தை முடித்துக்கொண்டாராம்.

"ஏண்டி சொல்லலை?" என்று கேட்டேன். "திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் போன் இல்லாம எனக்கு உசிரே இல்லப்பா. ஒப்பந்தம் போட்ட என்னையே திட்டிக்கிட்டேன். புதன்கிழமை முதல் கடிகாரம் வந்ததும் அப்பா எந்திரிச்சுட்டார், அப்பா கோவமா இருக்கார், அப்பா நல்லா இருக்கார்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. அதான் ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னு அமுக்கிட்டிருந்தேன்" என்றாள். நேற்று அடித்ததைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே போனில் படித்துக் காட்டினாள். 'அவ வீட்டுல நான் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் இருக்க முடியும்? இங்க குழாய் ஒழுகினாலும் அது என் குழாய். இதைச் சொன்னா பொண்ணு மனசு உடைஞ்சுடும், அதான் மெஷின்கிட்ட சொல்றேன்.' படித்துவிட்டு, "இதுக்கு மட்டும் சரின்னு அமுக்க ஒரு மணி நேரம் ஆச்சுப்பா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கும். வேன் வராது. நாளைக்குப் பத்து மணிக்கு முகமும் வேண்டாமாம். தினமும் காலை எட்டு மணிக்குள் அவள் திரையில் என்னிடமிருந்து ஒரு வரி வந்து நிற்க வேண்டும், திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அவ்வளவுதான் புது ஒப்பந்தம்.

ஆகவே மாப்பிள்ளை, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், திரும்பி வந்ததும் இங்கே எதையும் சரிசெய்யாதீர்கள். அந்த எண்ணைத் தொடாதீர்கள், அவள் திரையைப் பூட்டாதீர்கள். கீழே நர்ஸ் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள், திருத்தி எழுத நேரமில்லை, கடிதம் அப்படியே வருகிறது. எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், சீட்டின் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னதைத் தவிர. நாளைக் காலை எட்டு மணிக்கு என் மகளுக்கு என்ன அனுப்புவது என்று இன்னும் முடிவாகவில்லை, உங்களைத் திட்டுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.